ஒத்துழைக்காத குடும்பம்

சமூகப்பணியில் முதுகலை படிக்கச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்கு ஒரு விதியை மனப்பாடமாகும் வரை சொல்லிக் கொடுத்தார்கள். களப்பணிக்குப் போகிற வீட்டில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. முருங்கைக்காய் கொடுத்தாலும் கூடாது, முட்டை கொடுத்தாலும் கூடாது, டீ கொடுத்தாலும் கூடாது. நாம் வேலையாகப் போகிறவர்கள், விருந்தாளிகள் அல்ல. நான் அதை நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பாலக்காட்டுக்குப் படிக்க வந்தவள் நான். வகுப்பில் பாதிப் பேர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வெளுத்து வாங்கினார்கள். அவர்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து உட்கார எனக்குத் தெரிந்த ஒரே வழி, சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான்.

இரண்டாம் வருடம் கொல்லங்கோட்டுப் பக்கம் களப்பணி போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள். பத்தாம் வகுப்பு தேறியும் பிளஸ் ஒன்னில் சேராத ஏழு பிள்ளைகளின் பெயர் கொண்ட ஒரு பட்டியல் கையில் தரப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஏன் சேரவில்லை என்று கேட்டு, காரணத்தை எழுத வேண்டும். சரியான காரணம் கிடைத்தால் பஞ்சாயத்தும் பள்ளியும் சேர்ந்து ஏதாவது செய்யும். 'குடும்பத்துக்கு விருப்பமில்லை' என்று எழுதினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னை அங்கே அனுப்பினார்கள். போன பிறகுதான் தெரிந்தது, தமிழில்கூட நான் வெளியூர்க்காரிதான் என்று. எங்கள் மலையில் பேசுவது திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துத் தமிழ். கோபம் வந்தால் மரியாதை முதலில் பறந்துவிடும். இங்கே கோயம்புத்தூர்த் தமிழ். திட்டுவதற்கும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் பிரியமாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பட்டியலில் நான்காவது வீடு ஒரு காலனியின் கடைசி வரிசையில் இருந்தது. தாயும் மகளும் மட்டும். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா மாங்காய்க் காலத்தில் தோப்பு வேலைக்கும், மழை பிடித்தால் நாற்று நடவுக்கும் போகிறவர். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். நான் போன அன்று நல்ல மழை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா மகளின் காதில் ஏதோ சொல்ல, அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளை ஏன் பிளஸ் ஒன்னில் சேரவில்லை என்று கேட்டேன்.

"எல்லாஞ் சொல்றனுங்க. மொதல்ல ஒரு டீ குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்க."

மகள் குடையிருந்தும் நனைந்து திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. நுரை ததும்ப இருந்தது. நான் நோட்டில் போட்ட இரண்டு கோடு கண் முன்னால் வந்து நின்றது.

"வேணாம்க்கா, இப்பத்தான் குடிச்சேன்."

"மழைக்கு எதமா இருக்குமுங்க. ஒரு வாயி."

"இல்லக்கா, பரவால்ல. நீங்க சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்குப் படிக்கப் புடிக்கலீங்க," என்றார். மகள் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டேன், உள்ளே போய்விட்டாள். விதியை மீறாமல் முதல் சந்திப்பை முடித்துவிட்ட திருப்தியோடு நான் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் போனபோது கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த முறை கதவு திறந்திருந்தது. ஆனால் என் தலையைப் பார்த்ததும் அந்த அம்மா பின்பக்கமாக இறங்கி நடந்துவிட்டார். சேற்றில் செருப்பு புதையப் புதைய நான் ஒரு மைல் வந்திருக்கிறேன், இவர் முகம் திருப்பிப் போகிறாரா என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று சாயந்திரமே அறிக்கை எழுதினேன். மூன்று முறை சென்றும் பயனில்லை என்று எழுதினேன். ஒத்துழைக்காத குடும்பம், கல்வியில் அக்கறையில்லை என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் மிகவும் கம்பீரமாக இருந்தது. கையெழுத்துப் போட்டு மேற்பார்வை ஆசிரியையிடம் கொடுத்தேன். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம். அழகாக எழுதியிருக்கிறாய் என்று அவர் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கொல்லங்கோட்டு பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு துணிக்கடைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையில் வேலை கேட்டு வந்ததாகச் சொன்னாள். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. "உனக்குப் படிக்கப் பிடிக்கலையாமே," என்றேன், கிண்டலாக.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எனக்குப் புடிக்கும்ங்க்கா. சாதி சர்ட்டிபிக்கேட் கெடைக்கலீங்க. அதான் எங்களுக்குண்டான சீட்டு வரல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மா சொல்லத்தானுங்க இருந்தாங்க. நீங்க டீயக் குடிக்கலீங்களே." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "பெரிய ஊட்டுக்காரங்க யாரும் எங்க ஊட்டுல குடிக்க மாட்டாங்க. எல்லாருமே இப்பத்தான் குடிச்சேன்னுதானுங்க சொல்லுவாங்க. நீங்களும் அப்படித்தான்னு அம்மா நெனச்சுட்டாங்க. அன்னிக்குப் பால் வாங்க நாந்தான் ஓடுனேன்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே.

நான் பிளஸ் டூ படித்தபோது எனக்கும் இதே சாதிச் சான்றிதழ் சிக்கல் வந்தது. எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட சாதிக்காரர்கள் கேரளத்தில் சலுகை பெற வேண்டுமானால், நாடு குடியரசாவதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்களிடம் கை ரேகையே தேய்ந்துபோயிருக்கும், காகிதம் எங்கே இருக்கும்? எஸ்டேட்டின் பழைய செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவில், கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்ததால் நான் தப்பித்தேன். அதை விசாரிக்க ஓர் அதிகாரி லயத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான், வேலையை முடித்துக் கொடுத்தார். ஆனால் அம்மா போட்டுக் கொடுத்த டீயைப் பார்த்து, "அய்யோ வேண்டா, இப்போ குடிச்சதே உள்ளூ," என்று மலையாளத்தில் சொன்னார். அவர் ஜீப் வளைவு திரும்பியதும் அம்மா அந்த டீயை வாசலில் கொட்டினாள். நான் அந்த அதிகாரியை மனதுக்குள் வருடக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். இப்போது அவர் சொன்னதையே மொழி மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இதற்கு முதுகலைப் படிப்பு வேறு.

பிளஸ் ஒன் கடைசிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றே கல்லூரிக்குத் திரும்பி, மிஸ்ஸிடம் என் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்த அறிக்கையை மாற்ற முடியாது என்றார். நான் எழுதியது பொய் என்றேன். அப்படியானால் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடு, புதிய பக்கத்தில் காரணம் எழுது, ஆனால் திருத்திய அறிக்கைக்கு மதிப்பெண் குறையும் என்றார். டீ விஷயத்தைச் சொன்னேன். அதில் நீ செய்தது சரிதான், தொழிலுக்கு ஓர் எல்லை வேண்டும் என்றார். என் வீட்டு வாசலில் அந்த எல்லை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மிஸ் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் அறிக்கையை மேசை மேல் தள்ளிவிட்டார். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், அந்தப் பெண் துணிக்கடைக்குப் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்துவந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நடவுக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட வேண்டும் என்ற கணக்கு. அந்த அம்மா வாசலில் சோற்றுத் தூக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பைப்பு வெளிய இருக்குதுங்க."

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அறைந்ததில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த குழாய்க்குப் போனேன். நாலு பெண்கள் குடத்தோடு நின்று பார்க்க, கையை ஏந்திக் குடித்தேன். திரும்பி வந்தேன். அவருக்கு எதிரில், நனைந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்து வந்தேன். ஆனால் வாயில் வந்த மன்னிப்பெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அதனால் பையிலிருந்த அறிக்கையை எடுத்து மகளிடம் நீட்டினேன்.

"உங்க அம்மாவுக்கு இத வாசிச்சுச் சொல்லு. நான் எழுதுனது."

அவள் ஆங்கிலத்தை மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நாம ஒத்துழைக்காத குடும்பமாம்மா. படிப்புல அக்கறையில்லையாம்," என்றாள்.

அந்த அம்மா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தார். "நாங்களாங்க?" என்றார். பிறகு வந்தது பாருங்கள். "ஏனுங்க, வில்லேஜ் ஆபீசுக்கு நாங்க எத்தன நடை நடந்தோமுன்னு அதுல இருக்குதுங்களா? வேலைய உட்டுப்போட்டு, இந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு, காலைல இருந்து மதியம் வரைக்கும் வெளிய நின்னமே, அது இருக்குதுங்களா? பஞ்சாயத்து மெம்பர் ஊட்டுக்குப் போனது இருக்குதுங்களா? அக்கறையில்லாமத்தான் இவ எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்த மழைக்கு நனையாம எம் பொடவைக்குள்ள சுத்தி வெச்சிருக்கறனுங்களா?"

"இல்லக்கா. எதுவும் இல்ல. தப்பா எழுதிட்டேன்." பேனாவை எடுத்தேன். அவர் பார்க்கப் பார்க்க அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன், பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். "இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்."

"நான் சொன்னா ஆவுதுங்களா?"

"இது உங்களப் பத்தின பேப்பர்தான அக்கா."

அவர் அன்று நடவுக்குப் போகவில்லை. முதலில் நின்றுகொண்டே சொன்னார், பிறகு படியில் உட்கார்ந்து சொன்னார். நான் தமிழில் எழுதினேன், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மகள் வாசித்துக் காட்டினாள், அவர் திருத்தினார். 'மதியம் வரை நின்றோம்' என்று எழுதியிருந்ததை, 'மதியம் வரை வெயிலில் நின்றோம்' என்று போடச் சொன்னார். போட்டேன். மாமனார் காலத்துக் கதைக்குப் போனார். காகிதம் எதுவும் இல்லையா என்று ஆபீஸில் கேட்டபோது இவர் இல்லை என்று சொல்லிவிட்டாராம். பட்டா கிடையாது, ரேஷன் கார்டு எல்லாம் பிந்தியது.

"எங்க மாமனாருக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்க. அவர் ஒருத்தர்தான் பள்ளிக்கூடம் போனவரு. அதுவும் நாலு மாசமோ என்னமோ. அப்பறம் மாடு மேய்க்க உட்டுட்டாங்க. அதச் சொல்லிச் சொல்லி அழுவாருங்க, பாவம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். "எந்தப் பள்ளிக்கூடம்க்கா?"

"ரோட்டு மேல இருக்குதே, சின்னப் பள்ளிக்கூடம். இவ படிச்சதும் அங்கதானுங்க."

எஸ்டேட்டுக்கு ஒரு செக்ரோல் என்றால், ஊருக்கு ஒரு பள்ளிக்கூடப் பதிவேடு. சேர்ந்த பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கும். நாலு மாதம் படித்தாலும், ஒரு நாள் படித்தாலும் சேர்த்த அன்றே எழுதியிருப்பார்கள். ஆபீஸில் இவரிடம் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றார். குடும்பத்தில் யாராவது பள்ளிக்கூடம் போனார்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். பெரியவரின் அழுகையைச் சொல்ல விட்டதால் அது வந்தது.

பள்ளித் தலைமையாசிரியை முதலில் தயங்கினார். பழைய பதிவேடுகள் அலமாரிக்கு மேலே துணியில் கட்டிக் கிடக்கின்றன, பாதி செல்லரித்துவிட்டது, எந்த வருடம் என்று தெரியாமல் எங்கே தேடுவது என்றார். நானே தேடுகிறேன் என்றேன். இரண்டு மதியங்கள், பிள்ளைகள் கஞ்சி குடித்து எழுந்த கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. மகள் எதிரில் உட்கார்ந்து இன்னொரு பதிவேட்டைப் பார்த்தாள். இரண்டாம் நாள் மணியடிக்கும் நேரத்தில் அவள்தான் கண்டுபிடித்தாள். பெரியவரின் பெயர், அவர் தகப்பன் பெயர், சாதி. கடைசிக் கட்டத்தில், வருகை இல்லாததால் நீக்கப்பட்டான் என்று இருந்தது. தேதி, நாடு குடியரசாவதற்கு முந்தியது. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்துவிட்டு எடுக்கவேயில்லை. எனக்கு அழுகை வந்தது, தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நகல் வாங்கி, வில்லேஜ் ஆபீஸில் கொடுத்து, அங்கிருந்து தாலுக் ஆபீஸுக்கு அறிக்கை போக வைப்பதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது. நான் தினமும் போய் நின்றேன். வகுப்பு வருகை குறைந்தது. அங்கே எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த அம்மாவுக்குப் போடவில்லை. நானும் உட்காரவில்லை. இருவரும் நின்றோம். மூன்றாம் நாள் ஒருவர் இரண்டு நாற்காலியாகக் கொண்டுவந்தார். கடைசிச் சேர்க்கைக்கு முந்தின நாள் பிற்பகல் சான்றிதழ் கையில் கிடைத்தது. மறுநாள் அந்தப் பெண் பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள்.

இத்தனை நாளில் அந்த அம்மா எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் குழாயில் குடித்துவிட்டுத்தான் போவேன்.

களப்பணியின் கடைசி நாள், விடைபெறும் சந்திப்பு என்று ஒன்று உண்டு. போனேன். நாற்காலி துடைத்துப் போடப்பட்டிருந்தது. டீ வந்தது, அதே கண்ணாடி டம்ளரில். நீட்டிவிட்டு அவர் எதிரிலேயே நின்றார். நான் வாங்கி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே இல்லை. கொழுந்து கிள்ளுகிறவள் வயிற்றில் பிறந்த எனக்கே தொண்டையில் இறங்காத கசப்பு. இந்த முறை விடுவதாக இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்தே காட்டினேன். "நல்லாருக்குக்கா," என்றேன்.

உள்ளேயிருந்து மகளின் சத்தம் வந்தது. "அம்மா, சக்கரையே போடல! எப்படிக் குடிக்கறது?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மிணி, உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சதுக்கா."

"பொறவு ஏன் சொல்லல?"

நான் காலி டம்ளரின் அடியைப் பார்த்தேன்.

"மொத நாளு குடிக்காமப் போனீங்க. இன்னிக்கு நல்லாயில்லாததக் குடிச்சுப்போட்டு நல்லாருக்குன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்க அம்மிணி. எங்கூட்டுப் புள்ள பாருங்க, எப்படிச் சத்தம் போடறா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேண்டுமென்றே போடாமல் விட்டாரா, மறந்துதான் போனாரா என்று நான் கேட்கவில்லை. காலி டம்ளரை நீட்டினேன்.

"அப்ப சக்கரை போட்டு இன்னொண்ணு தாங்கக்கா. இதயெல்லாம் மனுசன் குடிப்பானா?"

அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டாவது டீயில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. அதற்கும் குறை சொன்னேன்.

அன்று இரவு விடுதியில் கடைசி அறிக்கை எழுதினேன். விடைபெறும் சந்திப்பு: டீ இரண்டு டம்ளர். முதலாவதில் சர்க்கரை இல்லை, சொல்லத் தவறினேன். அறிக்கை திரும்பி வந்தபோது மிஸ் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, நீக்கவும் என்று எழுதியிருந்தார். நான் நீக்கவில்லை.